பப்ஸுக்கு ஏது லேபிள்?

டிரான்ஸ் கொழுப்பைப் பற்றி என் மகளுக்கு நான் எடுத்த வகுப்புகள் எல்லாமே அவள் வாயில் பப்ஸ் இருந்தபோது நடந்தவை. வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

பதினோராம் வகுப்பு. பள்ளி விட்டதும் டியூஷன். நடுவில் வீட்டுக்கு வந்து போக போரூர் சிக்னல் விடாது. டியூஷனுக்கு எதிரிலேயே பேக்கரி. ஸ்கூட்டியை நிறுத்தினாலே போதும், முட்டை பப்ஸ் செய்தித்தாள் துண்டில் வந்துவிடும். "சூடா இருக்குக்கா, உங்களுக்கும் ஒண்ணு?" வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறப்பேன். தின்று முடிக்கும்போது எண்ணெய் ஊறி, தாளின் மறுபக்கத்து ராசிபலன்கூடப் படிக்கத் தெரியும்.

மடிப்புக்கு நடுவே வைப்பது வெண்ணெய் என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன். பெரும்பாலும் மார்ஜரின் அல்லது வனஸ்பதி. சென்னை வெயிலில் வெண்ணெய் உருகி ஓடும், இது நிற்கும். தாவர எண்ணெயில் நிக்கலை வினையூக்கியாக்கி ஹைட்ரஜனைச் செலுத்துவார்கள். அதைப் பாதியில் நிறுத்தும் பழைய முறையில்தான் டிரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும், நல்லதை இறக்கும். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு நாளுக்கு 2.2 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

"நம்ம நாட்டுல எண்ணெயில பத்து சதவீதம் வரைக்கும் விடுறாங்கடி!" என்று ஒருநாள் முழங்கினேன்.

"அம்மா, அது எப்பவோ. 2021 ஜனவரியில 3 ஆச்சு, 2022 ஜனவரியிலேருந்து 2. கெமிஸ்ட்ரி மிஸ் சொன்னாங்க." சொன்னதோடு விடவில்லை. சிஸ், டிரான்ஸ் என்ற இரண்டு மூலக்கூறு வடிவங்களையும் அந்த எண்ணெய்த் தாளின் ஓரத்திலேயே வரைந்து காட்டினாள். பத்து சதவீதத்தை எனக்கு அனுப்பிவைத்த வாட்ஸ்அப் குழுவில் அன்று யாருக்கும் குட்மார்னிங் சொல்லவில்லை.

மானத்தை மீட்க சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன், கண்ணாடியை மறந்துவிட்டு. பிஸ்கட் பாக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பி, பக்கத்தில் நின்ற பையனைப் படிக்கச் சொன்னேன். "டிரான்ஸ் ஃபேட் சைபர், ஆன்ட்டி." அடுத்ததும் சைபர். அதற்கடுத்ததும். சைபர் போட்டிருப்பதைத்தான் இத்தனை பாடுபட்டுத் தேடிப் பிடித்திருக்கிறேன்! பப்ஸுக்கு ஏது லேபிள்? அந்த 2 சதவீத விதி பேக்கரிக்கும் உண்டு. ஆனால் எந்த டின் கொழுப்பு என்று கடைக்காரரிடம் கேட்க இன்னும் எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் ஆறினதைத் தருவாரோ என்று பயம்.

கடைசியில் வீர முடிவு: பேக்கரி வேண்டாம், வீட்டிலேயே பஜ்ஜி. மிச்ச எண்ணெயை வடிகட்டி அடுப்போரத்து எவர்சில்வர் கிண்ணத்தில் வைப்பேன். தாளிக்க ஆகும், அடுத்த வடைக்கும் ஆகும். திரும்பத் திரும்பக் காய்ச்சினால் டிரான்ஸ் கொழுப்பும் கொஞ்சம் சேரும், வேறு பலதும் சேரும். பொரித்த எண்ணெயில் இப்படிச் சேரும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும் என்பது 2018 ஜூலையிலிருந்து கடைகளுக்கு விதி. அளக்க அதிகாரிகளிடம் கருவி இருக்கிறது. என்னிடம் மூக்கு இருக்கிறது. அது இதுவரை எந்த எண்ணெயையும் ஃபெயில் ஆக்கியதில்லை.

கிண்ணத்தை எட்டிப் பார்த்த மகள், "இது எப்போ ஊத்தினதும்மா?" என்றாள்.

"போன வாரம்தான்" என்றேன். தீபாவளி முறுக்கு சுட்ட எண்ணெய். சுவரில் தை மாதக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது.