வாக்குச்சீட்டும் வாளியும்

தெம்பனிஸ்,
சிங்கப்பூர்.

பெருமதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

ஊர்ப்பள்ளியின் முகப்பில் வளைவு கட்ட வெளிநாட்டுப் பிள்ளைகள் அனைவரும் பணம் அனுப்ப வேண்டும் என்று தாங்கள் பணித்திருந்தமையால், பள்ளிக் கட்டடங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, அதற்கு யாருடைய சம்மதம் கேட்கப்படுகிறது என்னும் இரு வினாக்களையும் ஆராய்ந்து, கண்ட முடிவுகளைத் தங்கள் தம்பி மகன் இம்மடலில் முறைப்படி சமர்ப்பிக்கிறான். ஆராய்ச்சி நீண்டதற்குப் பணம் அனுப்புவதில் உள்ள தயக்கமே காரணம் என்று பெரியம்மா கருதக்கூடும். அக்கருத்து முற்றிலும் தவறு என்று சொல்லிவிட முடியாது.

சிங்கப்பூரில் அரசாங்கப் பள்ளிக்குக் கட்டடம் எழுப்ப ஊரார் கூடுவதில்லை. கல்வி அமைச்சே வரவுசெலவுத் திட்டத்திலிருந்து கட்டிக்கொடுக்கிறது. பழைய பள்ளிகளைப் புதுப்பிக்கும் திட்டமொன்று 1999-இல் தொடங்கப்பட்டு, பல பள்ளிகள் அதன்கீழ் விரிவாக்கப்பட்டன அல்லது புதிதாகக் கட்டப்பட்டன. அரசாங்கம் 9,000 கோடி வெள்ளி வரை கடன் பெற 2021-இல் சட்டம் இயற்றப்பட்டதும் உண்மையே. ஆயினும் அக்கடன் ரயில் பாதை, கடல் தடுப்பு போன்று தலைமுறைகளுக்குப் பயன்படும் பெரும் கட்டமைப்புகளுக்கு உரியது. ஆகவே பள்ளிக் கூரைக்காகத் தெம்பனிஸ்வாசி வாக்களிக்கும் நாள் வருவதில்லை.

குளியலறைக்காக வாக்களிக்கும் நாளோ வருகிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பழைய வீடுகளுக்கான இல்ல மேம்பாட்டுத் திட்டம், அதாவது பெயரும் காரையையும் துருப்பிடித்த குழாயையும் சரிசெய்து குளியலறையைப் புதுப்பிக்கும் ஏற்பாடு, ஓர் அடுக்குமாடிப் புளோக்கில் நடைபெற வேண்டுமானால், அங்குள்ள தகுதிபெற்ற குடிமக்கள் குடும்பங்களுள் நூற்றுக்குக் குறைந்தது 75 ஆதரித்து வாக்களித்திருக்க வேண்டும். இன்றியமையாத பணிகளின் முழுச் செலவையும் குடிமக்களுக்காக அரசாங்கம் ஏற்கிறது. விரும்பினால் செய்துகொள்ளும் பணிகளுக்கு மட்டும் வீட்டின் அளவைப் பொறுத்து 5 முதல் 12.5 விழுக்காடு வரை குடும்பம் செலுத்துகிறது.

அறை வாடகைக்கு இருப்பவனுக்கு வாக்கு இல்லை என்றாலும், அவன் குளிக்கும் அறையும் அதே நாளில்தான் உடைபடுகிறது. ஏறத்தாழ 10 நாள் வீடு முழுவதும் பிளாஸ்டிக் விரிப்பால் மூடப்பட்டு, துளைக்கருவியின் ஓசையில் தேநீர்க் கோப்பையும் நடுங்கும் அக்காலத்தில், தோளில் துண்டும் கையில் வாளியுமாகக் குளிப்பதற்கு மின்தூக்கியில் இறங்கும் தங்கள் தம்பி மகனும், அதே கோலத்தில் ஏறும் மேல்மாடிச் சீனப் பாட்டியும், தூதரக அதிகாரிகள்போல் தலையசைத்துக்கொள்கின்றனர். குறிப்பிடத்தக்க செய்தி யாதெனில், புளோக்கில் எவரும் முணுமுணுப்பதில்லை. தாமே சம்மதித்து வரவழைத்த தூசியைப் பற்றி யாரிடம் போய் முறையிடுவது?

பள்ளிக்கே வாக்குக் கேட்கும் வழக்கம் அமெரிக்காவில் உள்ளது. அங்கே பள்ளி வட்டாரம் என்னும் உள்ளூர் நிர்வாகம் கடன் பத்திரம் வெளியிடுகிறது. அதாவது இன்று பணம் வாங்கிக் கட்டடம் கட்டி, பல ஆண்டுகளில் வட்டியுடன் திருப்பித் தருவதாக எழுதிக்கொடுக்கிறது. அக்கடன் பெரும்பாலும் வட்டாரத்தின் சொத்து வரியிலிருந்து அடைபடுவதால், பல மாநிலங்களில் வாக்காளரின் ஒப்புதல் முதலில் கேட்கப்படுகிறது. கலிபோர்னியாவில் 1879-ஆம் ஆண்டு அரசமைப்பு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்றது. 2000 நவம்பரில் மக்கள் நிறைவேற்றிய 39-ஆம் முன்மொழிவு, செய்யப்போகும் பணிகளின் பட்டியல், ஆண்டுத் தணிக்கை ஆகியவற்றை நிபந்தனையாக்கி, அதனை 55 விழுக்காடாகக் குறைத்தது. நூற்றுக்கு 54 பேர் ஆதரித்தாலும் கூரை ஒழுகிக்கொண்டே இருக்கும் என்பது இம்முறையின் குறை. கணக்குக் காட்டாமல் தப்ப முடியாது என்பது இதன் நிறை. சென்ற ஆண்டுத் திருவிழாக் கணக்கு இவ்விடத்தில் நினைவுக்கு வருவது தற்செயலே.

வாக்குச்சீட்டு இல்லாமலும் சம்மதம் திரட்டியவர்கள் தமிழர்கள். காமராசர் முதல்வராக இருந்தபோது, கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊரார் கட்டடம், பலகை, கரும்பலகை என்று பள்ளிக்குத் தேவையானவற்றைத் தாமே வழங்கினர். சிங்கப்பூரில் தமிழ் முரசு நிறுவனர் கோ. சாரங்கபாணி, மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்க் கல்விக்காக 1950-களில் 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் தொடங்கி, ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். செல்வர் ஒருவரிடம் மொத்தமாக வாங்கியிருந்தால் அலைச்சல் குறைந்திருக்கும். ஆனால் பல்கலைக்கழகத் தமிழில் தனக்கும் ஒரு வெள்ளிப் பங்கு உண்டு என்று கூலித் தொழிலாளி சொல்லியிருக்க முடியாது.

எனவே ஆராய்ச்சியின் முடிவு பின்வருமாறு. ஊரில் நூற்றுக்கு 75 வீடுகள், வீட்டுக்கு ஒரு ரூபாய் கொடுத்து, பள்ளிக்கு முதலில் எது தேவை என்று குறித்துத் தந்தால், தன் பங்குத் தொகையைத் தங்கள் தம்பி மகன் மறுவாரமே அனுப்பிவைப்பான். ஒரு ரூபாய் கொடுக்கும் தாய்மார்கள் வளைவைக் குறிப்பார்களா, தண்ணீர் வரும் கழிப்பறையைக் குறிப்பார்களா என்பதைப் பெரியம்மாவிடம் கேட்டாலே தெரிந்துவிடும். அவ்வாறு கழிப்பறையே கட்டப்படுமாயின், உபயம் என்று தன் பெயரைச் சுவரில் பெரிதாக எழுதும் வழக்கத்தை அக்கட்டடத்தில் மட்டும் தவிர்க்குமாறு அவன் பணிவுடன் வேண்டுகிறான்.

இப்படிக்கு,
வாக்கில்லாத, வாளியுள்ள,
தங்கள் தம்பி மகன்.