நாலாவது ஆளுக்கு 100 ராத்தல்

அமெரிக்கத் தூதரக அதிகாரி குடும்பத்தோடு வெளிநாட்டுப் பணிக்குக் கிளம்பினால், உடனே தேவைப்படும் சாமான்கள் தனியே விமானத்தில் போகும். முதல் ஆளுக்கு 250 ராத்தல், இரண்டாமவருக்கு 200, மூன்றாமவருக்கு 150, மிச்சமுள்ளவர்களுக்குத் தலைக்கு 100 என்று விதிப்புத்தகம் நெடுங்காலம் எடைபோட்டு வைத்திருந்தது. கடைக்குட்டி எப்படியும் அண்ணன் சட்டையைத்தானே போடப்போகிறது!

நாய்க்கு? வெகுகாலம் தம்பிடி கிடைக்கவில்லை. சோபா அரசுச் செலவில் கப்பலேறும். அதன்மேல் படுத்துக்கிடந்த நாய்க்கு டிக்கெட் எடுப்பது அதிகாரியின் பாடாக இருந்தது.

அரசுப் பணத்தில் பறப்பவர்கள், சில விலக்குகள் போக, அமெரிக்க விமானத்தில்தான் பறக்க வேண்டும் என்கிறது 1974-ஆம் ஆண்டுச் சட்டம். தேசபக்தி போர்டிங் பாஸிலேயே தொடங்கிவிடுகிறது.

ரசீது விஷயத்தில் மட்டும் அந்த நாடு பிறந்ததிலிருந்தே கறார். 1776-இல் பிரான்சுக்குப் பிரதிநிதியாக அனுப்பப்பட்ட சைலஸ் டீனை 1777-இல் திருப்பி அழைத்து, செலவுக்குக் கணக்கு எங்கே என்று கேட்டது அமெரிக்க காங்கிரஸ். மனிதர் கணக்குக் காகிதங்களைப் பாரிசிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். வழக்கு இழுத்தது. 1789-இல் அவர் இறந்தும் போனார்.

அவருக்குச் சேர வேண்டிய பாக்கி வந்தது, 1840-களில். வாரிசுகளுக்கு 37,000 டாலர்.