தோற்றோன் கருவி பழித்தல்: களமசேரி அறைகளில் இந்திய அணி காணப்படாமை குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வு வினா

2014இல் ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் வெளியிட்ட பிரேசில் உலகக் கோப்பை வீடியோ கேமில் 203 தேசிய அணிகள் உண்டு. தகுதிச் சுற்றில் ஆடிய எல்லா நாடுகளையும் சேர்த்ததால் இந்தியாவும் உண்டு. நிஜத்தில் அந்த அணி 2011 ஜூலையில் ஐக்கிய அரபு அமீரகத்திடம் இரண்டு ஆட்டங்களிலுமாக 2-5 என்று தோற்று வெளியேறியது. அந்த கேமிலோ அதை மரக்கானா அரங்கின் இறுதியாட்டம் வரை கூட்டிப்போய்க் கோப்பையைத் தூக்க வைக்கலாம். இருந்தும் கொச்சியை ஒட்டிய களமசேரியில் அந்த அணியை எடுப்பாரில்லை. ஏன்?

2. களம்

கொச்சிப் பல்கலைக்கழகம், எச்.எம்.டி. ஆலை, மெட்ரோ தூண்கள். இவற்றைச் சுற்றி மாணவர் அறைகள். அறை ஒன்றுக்கு ஒரு டிவி, இரண்டு கன்ட்ரோலர், தன் முறைக்குக் காத்திருக்கும் நால்வர். கன்ட்ரோலர்களில் ஒன்றின் பொத்தான் ஒட்டிக்கொள்ளும். தோற்பவர் கைக்கு எப்போதும் அதுவே வரும்.

வட்டாரத்தின் தீவிரத்துக்குச் சான்று: 2022 உலகக் கோப்பையை ஒன்றாய் உட்கார்ந்து பார்க்க, கொச்சியின் முண்டக்காமுகளில் 17 நண்பர்கள் 23 லட்சம் ரூபாய்க்கு ஒரு வீட்டையே வாங்கினர். வீடு முழுக்க பிரேசில், அர்ஜென்டினா, போர்ச்சுகல் கோலம்.

3. பூர்வபட்சங்களும் மறுப்பும்

அ) இந்தியா வலுவற்றது, அதனால் எடுப்பதில்லை என்பர். வலிமைதான் அளவுகோல் என்றால் இங்கிலாந்தை எடுப்போர் இருக்கவே முடியாது.

ஆ) கண்ணால் கண்டதையே மனம் நாடும் என்பர். இதில் சாரம் உண்டு. 2017இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை கொச்சியின் கலூர் அரங்குக்கு வந்தபோது, களமசேரிக்காரர் அக்டோபர் 7 அன்று அங்கே கண்டது ஸ்பெயினை 2-1 என்று வென்ற பிரேசிலை. இந்தியா தன் மூன்று ஆட்டங்களையும் டெல்லியில் ஆடித் தோற்றது. கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் அடித்த வரலாற்றுக் கோலையும் கொச்சி தொலைக்காட்சியில்தான் பார்த்தது. ஆனால் அர்ஜென்டினா கலூருக்கு வரவில்லையே. அதை எடுப்போர் எங்கிருந்து முளைத்தனர்?

4. சித்தாந்தம்

வென்றவனுக்கு வாகைத் திணை வகுத்த தொல்காப்பியர், தோற்றவன் சொல்லும் சாக்குக்குத் துறை வகுக்கவில்லை. "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று பழமொழி அதைத் தொட்டதோடு சரி. இக்கட்டுரை அக்குறையை நீக்கி நான்கு துறைகளை முன்வைக்கிறது: பொத்தான் பழித்தல், நடுவர் பழித்தல், கேமே முன்கூட்டி முடிவு செய்துவிட்டது எனல், "சும்மாதான் ஆடினேன்" எனல்.

நான்குக்கும் ஒரே நிபந்தனை: எடுத்த அணி பழிக்கு அப்பாற்பட்டதாக இருக்க வேண்டும். பிரேசிலை எடுத்துத் தோற்றால் பொத்தான் மாட்டிக்கொள்ளும். இந்தியாவை எடுத்துத் தோற்றால் "இந்தியாதானே" என்று ஒருவன் சொல்வான், பொத்தான் தப்பிவிடும், நாடு மாட்டிக்கொள்ளும். தன் விரலின் பிழையை நாட்டின் தலையில் கட்ட மனம் வராதவனே பிரேசிலை எடுக்கிறான். ஆகவே களமசேரியில் இந்தியாவை எடுக்காமை நாட்டுப்பற்றின் முற்றிய நிலை என்பது பெறப்படும்.

2022இல் கோபன்ஹேகனில் நடந்த ஃபிஃபா இ-நேஷன்ஸ் கோப்பை என்ற வீடியோ கேம் போட்டியில் இந்தியர் இந்தியாவின் பெயரிலேயே ஆடினரே எனலாம். அங்கே கன்ட்ரோலர்கள் புதியவை. பழிக்க வேறு வழியில்லை.

5. பரிந்துரை

வென்றவர் அடுத்த ஆட்டத்தில் இந்தியாவைத்தான் எடுக்க வேண்டும் என்று அறைதோறும் விதி செய்க. தோற்றால் "போன ஆட்டம் ஜெயித்தவன்தானே" என்பார்கள், நாடு தப்பிக்கும். எந்த இரவிலும் ஏதோ ஓர் அறையில், அங்கிருப்போரில் நன்றாக ஆடுபவரின் கையில், இந்தியா உலகக் கோப்பை ஆடிக்கொண்டிருக்கும். இந்தியக் கால்பந்தை உயர்த்த இதைவிடச் செலவு குறைந்த திட்டம் இதுவரை எவராலும் முன்வைக்கப்படவில்லை.