ரூல்ஸ் அங்கிள்

சிங்கப்பூரில் எந்தக் கொண்டோவுக்கு வேண்டுமானாலும் போங்கள். நீச்சல்குளம் ஒன்று இருக்கும், உடற்பயிற்சிக்கூடம் ஒன்று இருக்கும், ரூல்ஸ் அங்கிள் ஒருவர் இருப்பார். முதல் இரண்டும் பராமரிப்புக்காக அவ்வப்போது மூடிக் கிடக்கும். மூன்றாமவருக்கு விடுமுறையே கிடையாது.

காலையில் குளத்தைச் சுற்றி நடக்கிறவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்து நடப்பார்கள். இவர் மட்டும் அண்ணாந்து நடப்பார். கழுத்துப் பயிற்சி போலிருக்கிறது என்று புதியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவர் பார்ப்பது பால்கனிகளை. நேற்றுவரை வெறுமையாக இருந்த பன்னிரண்டாம் மாடியில் இன்று மூங்கில் தட்டி ஒன்று தொங்கினால், நடை அங்கேயே நின்றுவிடும். கைபேசி வெளியே வரும். நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், அக்கம்பக்கத்து பால்கனிகளையும் சேர்த்து ஒரு படம். மேனேஜ்மென்ட் ஆபீஸ் திறக்கும் முன்பே மூன்றும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

புதிதாகக் குடிவந்தவர்களை அவர் மடக்கும் இடம் லிஃப்ட்.

“என்ன தம்பி, கையில கேட்டலாக்? ப்ளைண்ட்ஸ் போடப் போறீங்களா?”

“ஆமா அங்கிள். மேற்குப் பார்த்த வீடு. நாலு மணிக்கு மேல ஹால்ல உட்கார முடியல.”

“தாராளமா போடுங்க. என்ன கலர்?”

“பீஜ் பார்த்து வச்சிருக்கோம் அங்கிள்.”

“உள்பக்கம் கிளிப்பச்சை கூடப் போடுங்க, யாரும் கேட்க மாட்டாங்க. வெளிப்பக்கம் இருக்கே, அது உங்க வீடு இல்ல தம்பி. நம்ம எல்லாரோட கட்டடம்.”

அதற்குள் தம்பியின் மாடி வந்துவிடும். ஆனால் இறங்க முடியாது. கதவு திறந்தே இருக்க, அங்கிளின் கட்டைவிரல் பொத்தானை விட்டு எடுபடாது. கட்டடப் பராமரிப்பு, ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம் 2004இல் வந்தது. அதன்கீழ் துணைவிதிகள் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் கட்டடத்தோடு ஒட்டாமல் தெரியும் எதையும் கட்டடத்தின் நிர்வாகக் கழகமான எம்சிஎஸ்டியின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வைக்கக்கூடாது. இவ்வளவும் மூச்சுவிடாமல் வரும். அடுத்த மூச்சில் நகர மறுசீரமைப்பு ஆணையம். பால்கனி என்பது காற்றாடும் இடம், அதை அடைத்து இன்னொரு அறையாக்கக் கூடாது. மறைப்பு போட்டாலும் எப்போதும் காற்று வரவேண்டும், முழுவதுமாகச் சுருட்டவோ விலக்கவோ முடியவேண்டும். பால்கனி கட்டுவதற்காகக் கட்டுமான நிறுவனத்துக்குக் கூடுதல் தளப்பரப்பு சலுகையாகக் கிடைக்கிறது. அதன் உச்சவரம்பு 2019இல் 10 விழுக்காட்டிலிருந்து 7 ஆகக் குறைந்தது என்பதையும் அவர் சொல்லிவிட்டுத்தான் விரலை எடுப்பார். நிழல் தேடிப் போன தம்பி நிலத்திட்டம் படித்துவிட்டு வீடு திரும்புவார்.

ப்ளைண்ட்ஸ் மாட்ட ஆள் வரும் நாளில் அங்கிளைப் பார்க்கவேண்டும். கார்ட் ஹவுஸில் பதிந்தாயிற்றா, டெபாசிட் கட்டியாயிற்றா, லிஃப்ட் சுவருக்கு மெத்தை போட்டாயிற்றா என்று வரிசையாகக் கேட்பார். ஆணி பக்கச்சுவரில் இறங்கப்போகிறதா, தரையிலா? தரை என்றால் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சில் ஓட்டை விழும். கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகினால் யார் பொறுப்பு? துளை போடுகிறவர் பாவம், மெஷினை அணைத்துவிட்டுப் பதில் சொல்வார். அப்போது அங்கிள் சட்டைப்பையிலிருந்து ஒரு துணித்துண்டை எடுப்பார். தீப்பெட்டி அளவு, சாம்பல் நிறம், பொடித்துளைகள் நிறைந்த நெசவு, பின்பக்கம் பேனாவால் எழுதிய நிற எண். வந்திறங்கிய துணியின் மேல் அதை வைத்துப் பார்ப்பார். நடைவழி விளக்கில் பார்க்க மாட்டார். பால்கனிக்குக் கொண்டுபோய் வெயிலில்தான் பார்ப்பார். ஒத்துப்போனால் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரியும்.

இவ்வளவு பேசுகிறவர் வீட்டில் என்ன போட்டிருக்கிறார் என்று கேட்டால், ஒன்றும் இல்லை. அவருடைய வீடும் மேற்குப் பார்த்ததுதான். ஆனால் விதியில் எழுதியிருக்கும் அந்த நிற எண் துணி கடைகளில் தீர்ந்துவிட்டது, தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். முன்பே வாங்கியவர்கள் தப்பித்தார்கள். கிட்டத்தட்ட அதே நிறத்தில் வேறு துணி இருக்கிறது என்றார் கடைக்காரர். விதியில் ‘கிட்டத்தட்ட’ இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார் அங்கிள். துணைவிதியை மாற்ற வேண்டுமானால் சிறப்புத் தீர்மானம் வேண்டும். 21 நாள் முன்னறிவிப்பு, பதிவாகும் வாக்குகளின் பங்கு மதிப்பில் 75 விழுக்காடு ஆதரவு. ஆண்டுக் கூட்டத்தில் அதைக் கொண்டுவந்தார். கோரம் சேராமல் அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, வந்தவர்களை வைத்தே கூட்டத்தைத் தொடங்கினார்கள். முதலில் பார்க்கிங் பற்றிப் பேச்சு வந்தது. பார்க்கிங் பற்றிப் பேச்சு வந்த கூட்டத்தில் துணியின் நிறத்தை யார் கேட்பார்கள்? தீர்மானம் அடுத்த ஆண்டுக்குப் போய்விட்டது.

“ஊரார் வீட்டு நிழலை அளந்துக்கிட்டே நாம மட்டும் வெயில்ல காயணும்,” என்கிறார் அவர் மனைவி. அங்கிள் மறுத்துப் பேசுவதில்லை. சோஃபாவை அரை அடி உள்ளே நகர்த்திப் போட்டுக்கொள்கிறார்.

அவரைக் கேலி செய்யாத வீடு அந்தக் கட்டடத்தில் இல்லை. ஆனால் சுமத்ரா காற்று என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் விடிவதற்கு முன்னே மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் மழையோடு வந்து அடித்துவிட்டுப் போகும். அப்படி ஒரு விடியலில், பக்கத் தண்டவாளத்தில் ஓடும் ப்ளைண்ட்ஸ் எல்லாம் வீட்டோடு இருந்தன. கொக்கியில் மாட்டிய பன்னிரண்டாம் மாடி மூங்கில் தட்டி மட்டும் கீழே குளத்தில் மிதந்தது. அந்த நேரத்தில் குளத்தோரம் யாரும் இல்லை என்பது நல்லகாலம். மாடியிலிருந்து விழுகிற பொருள் யார் தலை என்று பார்த்து விழாது. அங்கிள் குடையோடு இறங்கிவந்தார். “நான் அப்பவே சொன்னேனே” என்று வாய்திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று படம் மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஒரு கட்டடத்துக்கு இப்படிப்பட்டவர் ஒருவர் அவசியம் வேண்டும். இரண்டு பேர் இருந்தால் வீட்டை விற்றுவிடலாம்.

நீங்களும் பால்கனிக்கு ப்ளைண்ட்ஸ் போடுவதாக இருந்தால், கடையில் முன்பணம் கட்டும் முன்பு மேனேஜ்மென்ட் ஆபீஸுக்குப் போங்கள். நிற எண், தண்டவாளம் பொருத்தும் விதம், வேலை செய்ய அனுமதித்த நேரம் எல்லாவற்றையும் கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆபீஸில் இருப்பவர் தலையாட்டினார் என்பதையெல்லாம் அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கிள் எடுத்துக்கொள்ள மாட்டார்.