செத்துக் காட்டு, நம்புகிறோம்

எங்கள் யாழ்ப்பாணத் தீவுகளில் ஒரு பெண்ணுக்காகக் கடை பூட்டப்பட வேண்டுமென்றால் அவளுக்குச் சில தகுதிகள் வேண்டும். பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தால் உத்தமம். விடிந்த பிறகு வீட்டை விட்டுப் புறப்பட்டிருக்க வேண்டும். பொழுதுபட்ட பிறகு போனவளுக்கு நாங்கள் அரைக் கதவுகூடச் சாத்த மாட்டோம். போனில் யாருடைய நம்பர் இருந்தது என்ற பரீட்சையிலும் தேற வேண்டும். எல்லாம் சரிவந்தாலும் ஒரு நிபந்தனை மிச்சம் இருக்கிறது: அவள் உயிரோடு இருக்கக் கூடாது. உயிரோடு இருந்தால் வாய் திறப்பாள். வாய் திறக்கிற பெட்டையை எப்படி நம்புவது?

2015 மே 13 ஆம் திகதி காலை புங்குடுதீவில் பள்ளிக்கூடம் புறப்பட்ட 18 வயது மாணவிக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. மறுநாள்தான் உடல் கிடைத்தது. இடையில் ஓர் இரவு. பிள்ளையைத் தேடி அலைந்த குடும்பத்தைப் பொலிஸ் அலட்சியம் செய்தது என்ற கோபம்தான் பிறகு சனத்தைத் தெருவுக்கு இழுத்தது. நியாயமான கோபம். ஆனால் "ஆரோடையும் போயிருப்பாள், ரெண்டு நாளிலை வருவாள்" என்ற வசனம் எந்தப் பொலிஸ் நிலையத்தில் பிறந்தது? வேலிக்கு வேலி நாங்கள் பேசுவதுதானே அது. காணாமற்போனவள் விரும்பித்தான் போயிருப்பாள். உடல் கிடைக்கும்வரை எங்கள் ஊர்ச் சட்டம் இதுதான்.

உடல் கிடைத்ததும் எங்களுக்கு வீரம் வந்தது. மே 20 அன்று ஹர்த்தால். யாழ்ப்பாணம் நீதிமன்றக் கட்டடத்துக்குக் கல்லெறி. நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது. 26 ஆம் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவே யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். பாலியல் வல்லுறவு போன்ற குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தைக் கண்டபடி வெளியிடக் கூடாது என்று தண்டனைச் சட்டக்கோவை சொல்கிறது. நாங்களோ அவளுடைய படத்தைத் தெருவகலப் பதாகையில் அடித்து, கீழே எங்கள் சங்கத்தின் பெயரையும் போட்டுக்கொண்டோம்.

இந்தக் கொலையில் சந்தேகப்பட்டு ஊரார் பிடித்துக் கட்டிவைத்த சுவிஸ் குமார் என்பவர் எப்படியோ கொழும்பு வெள்ளவத்தையில் போய்ப் பிடிபட்டார். அவர் தப்பிப் போக உதவினார் என்ற குற்றச்சாட்டில் 2017 ஜூலையில் மூத்த பிரதிப் பொலிஸ்மா அதிபர் லலித் ஜயசிங்க கைதானார். கள்ளனைக் காணவில்லை என்று முறைப்பாடு கொடுக்கப் போனால் கதிரை போட்டு இருத்துபவரையே முதலில் தேட வேண்டிய நாடு இது.

அதே ஆண்டு செப்டெம்பர் 27 அன்று மூன்று நீதிபதிகள் அடங்கிய ட்ரயல் அட் பார் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேரில் ஏழு பேருக்கு மரண தண்டனை, இருவர் விடுதலை. ஊர் நிம்மதியாக நித்திரை கொண்டது. 1976க்குப் பிறகு இந்த நாட்டில் ஒருவரும் தூக்கில் போடப்படவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். போட வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. ஏழு கழுத்துகளைச் சுட்டிக் காட்டிவிட்டால் மிச்சப் பேர் தங்கள் கைகளைக் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. அந்த வசதியைத்தான் சொல்கிறேன்.

இதே புங்குடுதீவில் 1999 டிசம்பரில் ஒரு பெண், 2005 டிசம்பரில் இன்னொரு பெண். முதலாமவளின் உடலைக் கடற்படை முகாமுக்கு அண்டிய பற்றைக்குள் கண்டெடுத்தார்கள், இரண்டாமவளின் உடலைக் கிணற்றுக்குள். குற்றச்சாட்டு இரண்டு தடவையும் கடற்படையினர் மீதுதான். குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் எவரையும் தீர்க்கவில்லை. அப்போதும் கொதித்தோம், ஊர்வலம் போனோம். அந்நியன் செய்தான் என்றால் கோபத்துக்கு ஒரு சிக்கலும் இல்லை. 2015இல் அகப்பட்டவர்களோ எங்களோடு வடம் பிடித்திருக்கக் கூடியவர்கள். உடனே காரணங்கள் கண்டுபிடிக்கப்பட்டன: போதை, போன், வெளிநாட்டுக் காசு. கனடாவிலும் பிரான்சிலும் இருப்பவர்களின் பாழ்விழுந்த வளவுகளில் பற்றை மண்டியதுதான் காரணம் என்றும் கண்டுபிடித்தார்கள். பற்றை வெட்டக் கத்தியோடு வந்தவர்களில் ஒருவராவது மகனைக் கூப்பிட்டு வைத்து, "வேண்டாம் எண்டு ஒருத்தி சொன்னால் விலகிப் போ" என்று சொன்னாரா? கேட்டுப் பாருங்கள். பெட்டைகளுக்கு என்னென்ன சொன்னார்கள் என்று பட்டியலே வரும்.

சரி, சாகாமல் வந்தவளுக்கு என்ன நடக்கும்? நெடுந்தீவிலிருந்து அவள் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குச் சட்ட வைத்திய அதிகாரியிடம் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் படகு. படகில் பாதி ஊர். குறிகட்டுவான் துறையில் இறங்க ஒரு மணித்தியாலம். அவ்வளவு நேரமும் அவளுடைய முகம், கழுத்து, சட்டைக் கை எல்லாம் பார்வையிடப்படும். காயம் இல்லையா? அப்போ விருப்பத்தோடுதான். காயம் இருக்கிறதா? இவ்வளவு தூரம் ஏன் தனியப் போனவள்? அவள் பஸ் ஏறும்போதே வீட்டுக்குத் தீர்ப்புப் போய்ச் சேர்ந்துவிடும்.

இந்தியாவில் 1970களின் கடைசியில் உச்சநீதிமன்றமே இப்படித்தான் பேசியது. பொலிஸ் நிலையத்துக்குள் ஓர் ஆதிவாசிச் சிறுமியைச் சீரழித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு பொலிஸ்காரரை, அவள் உடம்பில் காயமில்லை, எதிர்த்ததற்கு அடையாளமில்லை என்று விடுதலை செய்தது. நான்கு சட்ட ஆசிரியர்கள் பகிரங்கக் கடிதம் எழுதி, பெண்கள் தெருவில் இறங்கி, 1983இல் சட்டம் திருந்தியது. இலங்கையில் 1995இல் திருத்தம் வந்தது. சம்மதம் இல்லை என்று நிரூபிக்க உடற்காயம் போன்ற எதிர்ப்பின் அடையாளம் அவசியமில்லை என்று அதில் அப்பட்டமாக எழுதியிருக்கிறது. முப்பது ஆண்டுகளாகியும் அந்த வரி இன்னும் குறிகட்டுவானில் படகுக்குக் காத்து நிற்கிறது.

அதே திருத்தத்தில் இன்னொரு விசயமும் உண்டு. அது மட்டும் நீந்தியே வந்து சேர்ந்துவிட்டது. மனைவி விடயத்தில், நீதிமன்றம் பிரித்து வைத்திருந்தால் ஒழியக் கணவன் செய்வது பாலியல் வல்லுறவு ஆகாது. பதினாறு வயதுக்குக் கீழ் சம்மதமே செல்லாது என்ற விதிக்குக்கூட, பன்னிரண்டு தாண்டிய மனைவி விலக்கு. இந்த ஞானத்தின் மூலவர் மத்தியூ ஹேல் என்ற 17ஆம் நூற்றாண்டு ஆங்கில நீதிபதி: கலியாணத்தில் ஒரு தரம் கொடுத்த சம்மதத்தை மனைவி திரும்ப வாங்க முடியாது என்று எழுதி வைத்தவர். சூனியக்காரிகள் என்று இரண்டு விதவைகளைத் தூக்குக்கு அனுப்பியவரும் இவர்தான். ஆங்கிலேயர் 1991இல் இவருடைய விதியைக் குப்பையில் போட்டார்கள். நாங்கள் அதை எங்கள் கலாசாரம் என்று சொல்லிப் பூப்போட்டுக் கும்பிடுகிறோம்.

ஆகையால் உயிரோடு வந்தவளின் வீட்டுக்கு ஒரு பெரியவர் வருவார். 2015இல் கறுப்புக்கொடி பிடித்தவர்தான். கதிரையின் நுனியில் இருந்து, தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு, பொலிஸ் கோடு எல்லாம் வேண்டாம், பெடியன் கட்டத் தயாராம், சீதனமும் கேட்கவில்லை, ஆவணியில் நாள் இருக்கிறது என்பார். சட்டம் அவருக்குத் தெரியாது; ஆனால் தாலி ஏறினால் வழக்கு இறங்கும் என்பது தெரியும். தாய் தயங்கி, பிள்ளையையும் ஒருக்கால் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் அவருக்கு உண்மையிலேயே விளங்காது.

"பெட்டையிட்டைக் கேக்க என்ன இருக்கு தங்கச்சி? பெடியன்தான் ஓமெண்டிட்டானே!"