யுகார லோப விசாரம்

கலர் என்னும் ஆங்கிலச் சொல்லின் ஈற்றெழுத்துக்கு முன்னே 'யு' என்னும் உயிர் நிற்கவேண்டுமா, நிற்கலாகாதா என்னும் மகத்தான சர்ச்சையில், நிற்கவேண்டுமெனச் சாதிக்கும் பிரிட்டிஷ் சம்பிரதாயத்தாரை யுகாரவாதிகள் என்றும், அது வீண் ஆடம்பரமென விலக்கிய அமெரிக்கச் சம்பிரதாயத்தாரை லோபவாதிகள் என்றும் இங்கு வழங்குவோம். 1806-இலும் 1828-இலும் தாம் வெளியிட்ட அகராதிகளில் அவ்வெழுத்தைக் களைந்த நோவா வெப்ஸ்டரே பின்னவர்க்கு ஆசாரியர். வடகலை தென்கலை வழக்குகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் வியப்பொன்றும் இராது.

மனிதர் மட்டுமே வாசகராயிருந்த காலம்வரை இரு சம்பிரதாயங்களும் சௌக்கியமாய் வாழ்ந்தன; கம்ப்யூட்டர் என்னும் பிடிவாதக்கார வாசகன் வந்தபின்னரே நிர்ணயம் பிறந்தது. வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ்-லீ லண்டனில் பிறந்தவரேயாயினும், வலைப்பக்கங்களுக்கு நிறமும் அலங்காரமும் விதிக்கும் சிஎஸ்எஸ் 1996-இல் வெளிவந்தபோது லோபவாதமே அதில் சட்டமாயிற்று. யுகாரம் சேர்த்து எழுதுவோனைப் பிரௌசர் கண்டிப்பதுமில்லை, திருத்துவதுமில்லை; அவ்வரியை ஒரு பொருட்டாகவே மதியாமல் அப்பால் போய்விடுகிறது. பரீட்சைத் தாளில் யுகாரத்தை விட்டால் பண்டிதரின் சிவப்பு மை, புரோகிராமில் அதை விடாவிட்டால் நிறமற்ற பக்கம் என்று இரு எஜமானர்களுக்கு ஊழியம் செய்யும் நம் நாட்டு இளைஞர்பால் நமக்கு அனுதாபமுண்டு. நியூசிலாந்துக்காரரான ஹாட்லி விக்கம், ஆர் மொழியில் வரைபடம் தீட்டுதற்கென இயற்றிய ஜிஜிபிளாட்2-இல் இரு வடிவங்களையும் அங்கீகரித்தது சமரச சன்மார்க்கம் என்றே சொல்லவேண்டும்.

சாம்பல் நிறத்தின் கதை விசித்திரமானது. அதன் பெயரை அமெரிக்கர்போல் 'ஏ' இட்டெழுதினும், ஆங்கிலேயர்போல் 'இ' இட்டெழுதினும் சிஎஸ்எஸ் ஏற்கும். ஆனால் இத்தனை தாராளம் காட்டிய சாஸ்திரத்தில் கருஞ்சாம்பல், வெறும் சாம்பலைவிட வெளுத்திருக்கிறது! முன்னதன் ஒளியளவு 169, பின்னதன் அளவு 128. வெறும் சாம்பல் எச்டிஎம்எல் வம்சத்திலும், கருஞ்சாம்பல் எக்ஸ்11 வம்சத்திலும் தோன்றி ஒரே பட்டியலில் குடியேறியதால் நேர்ந்த விபரீதம் இது. எழுத்தைப் பற்றி வாதாடியவர் எவரும் நிறத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இரு கட்சிக்கும் புறம்பான பிழையொன்றும் உண்டு. வாசகர் எப்பக்கத்திலிருந்து வந்தார் என்பதை அறிவிக்கும் 'ரெஃபரர்' என்னும் தலைப்பு, இரட்டிக்கவேண்டிய 'ஆர்' ஒற்றையாகவே 1996-ஆம் ஆண்டு எச்டிடிபி விதிநூலில் ஏறிவிட்டது. அதைத் திருத்தினால் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் யாவும் குழம்புமாதலின் அப்படியே விடப்பட்டது. பிற்காலத்தில் அதை அடக்கியாள வகுத்த 'ரெஃபரர் பாலிசி' என்னும் தலைப்பையோ இலக்கண சுத்தமாக எழுதினார்கள். ஆகவே இன்று பிரௌசர் ஒற்றை ஆரோடு வினவ, சர்வர் இரட்டை ஆரோடு விடையிறுக்கிறது.