அம்மா இருந்தும் ஹோமில்

எண்பதுகளில் கே.ஜி.கண்டிகையிலிருந்து திருத்தணிக்குப் பஸ் ஏறிப் படிக்கப் போனோம். எங்கள் வகுப்பில் எப்போதும் ஐந்தாறு 'ஹோம் பசங்க' இருப்பார்கள். ஒரே துணியில் தைத்த சட்டை, ஒட்ட வெட்டிய முடி. அநாதைகள் என்றுதான் ஊர் நினைத்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த ஹோம் வாசலைப் பார்த்தவர்களுக்குத்தான் உண்மை தெரியும். நகரியிலிருந்தும் பள்ளிப்பட்டிலிருந்தும் வந்த அம்மாக்கள் வேர்க்கடலையை முந்தானையில் முடிந்துகொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். 1960 ஏப்ரல் வரை திருத்தணியே சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. அதனால் மரத்தடிப் பேச்சு பாதி தெலுங்காகவும் பாதி தமிழாகவும் இருக்கும். ஒருத்திக்குப் புருஷன் செத்துப்போயிருப்பான், இன்னொருத்தியை விட்டுவிட்டுப் போயிருப்பான். பொதட்டூர்பேட்டைத் தறியிலோ செங்கல் சூளையிலோ கிடைக்கிற கூலி மூன்று வயிற்றுக்குக் காணாது. மூத்தவனை இங்கே விட்டால் அவனாவது சாப்பிடுவான், படிப்பான் என்று கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள்.

இந்த வழக்கம் பழையது. தாது வருஷப் பஞ்சத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகளை மிஷன்காரர்கள் சேர்த்து வளர்த்தார்கள். 1920-லேயே சென்னை மாகாணத்தில் குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது. 1930-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். போக்கிடமில்லாத பெண் குழந்தைகளுக்கு அது கிடைத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது. சின்ன ஊர்களின் ஹோம்கள் இதே நல்ல எண்ணத்தில் வந்தவைதான். ஆனால் அங்கே வந்து சேர்ந்தவர்களில் பலருக்கு இல்லாதது அம்மா அல்ல, அரிசி.

பிறந்தநாள் சாப்பாட்டை மட்டும் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. டவுன் பெரிய மனிதர் ஒருவர் வடை பாயசத்தோடு வருவார். இலையில் சோறு விழுந்த பிறகு பிள்ளைகள் எழுந்து, கண்ணை மூடி, அவர் குடும்பம் நீடூழி வாழப் பாட வேண்டும். பிறகு போட்டோ. ஆறின சோற்றில் ஆறின சாம்பாரைப் பிசைந்து, வடையைக் கால்சட்டைப் பையில் பத்திரப்படுத்திய கையை நான் பார்த்திருக்கிறேன். அந்த வடை ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போகும். அந்தச் சாப்பாட்டுச் செலவை அம்மா கையிலேயே கொடுத்திருந்தால் என்ன என்று அப்போது கேட்பாரில்லை.

இப்போது சட்டம் அதைத்தான் கேட்கிறது. மாமல்லபுரம் பக்கத்து இல்லங்களில் பிள்ளைகள் சீரழிக்கப்படுவதாக வந்த செய்தி 2007-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கானது. 2017 மே மாதம் தீர்ப்பு வந்தது. அதற்கு முன்பே 2015-ன் இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்துக்கு அனுப்புவது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. பதிவு செய்யாமல் இல்லம் நடத்தினால் ஒரு வருடம் வரை ஜெயில், இல்லையென்றால் ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் தொலைகிற பிள்ளைக்கு அன்று மைக் அறிவிப்பு ஒன்றுதான் கதி. இன்று 1098 இருக்கிறது, குழந்தைகள் நலக் குழு இருக்கிறது. யாரும் தன் இஷ்டத்துக்கு ஒரு பிள்ளையைக் கூட்டிப்போய் வைத்துக்கொள்ள முடியாது. இதெல்லாம் பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை.

எங்கள் காலத்து ஹோமும் பதிவு இல்லாததால் மூடப்பட்டது. அங்கே வளர்ந்த நண்பன் இன்று சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறான். மூடியது நல்லதுதானே என்று கேட்டேன்.

"எங்கம்மா பக்கத்துல படுத்துத் தூங்குன நாளை எண்ணிடலாம்டா. ஆனா அங்க போகலன்னா நான் பத்தாவது தாண்டியிருக்க மாட்டேன். ரெண்டும் நெசம்."

"இப்ப இருக்கிற பசங்களுக்கு?"

"மூடுன அன்னிக்குப் பசங்களை ஆட்டோவுல ஏத்தி வீட்டுக்கு அனுப்புனாங்க. அடுத்த மாசம் போய் யாருடா பாத்தாங்க?"

அவன் கேட்டதில்தான் விஷயமே இருக்கிறது. ஹோமை மூடுவது ஒரு நாள் வேலை. அந்தப் பிள்ளை வீட்டிலேயே இருந்து படிக்க வேண்டுமானால் மாதாமாதம் பணம் வேண்டும், விசாரிக்க ஆள் வேண்டும். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. கிராமத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. விதவைகளோடு, கைவிடப்பட்ட அம்மாக்களின் பிள்ளைகளுக்கும் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. தமிழ்நாடு அரசின் அன்புக் கரங்கள் திட்டம் 2025 செப்டம்பரில் வந்தது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் வளர்க்க முடியாத பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். வேப்பமரத்தடி அம்மாக்களுக்கு இதில் பாதி கிடைத்திருந்தாலும் போதும்.

ஆனால் இறந்த புருஷனுக்குச் சான்றிதழைக் காட்டிவிடலாம். ஓடிப்போனவனின் மனைவிக்குக் கைவிடப்பட்டவள் என்று காகிதம் வாங்குவது அவ்வளவு சுலபமில்லை. மனுவோடு திங்கட்கிழமை திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ் போனால் அன்றைய தறிக்கூலி போய்விடும். விண்ணப்பப் படிவம் கண்டிகை அங்கன்வாடியிலேயே கிடைக்க வேண்டும். கைவிடப்பட்டவள் என்பதை வி.ஏ.ஓ. அக்கம்பக்கத்தில் விசாரித்து அங்கேயே எழுதிக் கொடுக்க வேண்டும். பணம் வர ஆரம்பித்த பிறகும், பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று யாராவது மாதம் ஒருமுறை அந்த வீட்டுப் படியேறிப் பார்க்க வேண்டும்.